செப்புத் தகட்டில் நம் கடற்கரை

வெளியூரில் வேலை பார்க்கும் காரைக்கால்காரர் யாராக இருந்தாலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. "காரைக்காலா? காரைக்குடி பக்கமா?" என்பார்கள். "இல்லீங்க, பாண்டிச்சேரியைச் சேர்ந்தது" என்றால், "ஓ, பாண்டிச்சேரி பக்கத்திலேயா?" என்று அடுத்த கேள்வி. "அதுவும் இல்லீங்க, அங்கேயிருந்து தெற்கே 130 கிலோமீட்டர்" என்று சொல்லிக் களைத்துப்போய், கடைசியில் கைக்குக் கிடைத்த காகிதத்தில் ஒரு கோடு போடுவோம். இது கடல், இது கரை, இது தரங்கம்பாடி, இது நாகப்பட்டினம், நடுவிலே ஒரு புள்ளி. அதுதான் நம்ம ஊர்!

அந்தக் கோட்டையும் புள்ளிகளையும் நமக்கு முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் உட்கார்ந்து செப்புத் தகட்டில் செதுக்கியவர்கள் டச்சுக்காரர்கள். பழைய தமிழ்க் குறிப்புகளில் 'உலாந்தாக்காரர்' என்று வருகிறவர்கள் இவர்கள்தாம். இவர்கள் அச்சிட்ட படங்கள் இன்று உலகத்து நூலகங்களில் பொக்கிஷமாகப் பாதுகாக்கப்படுகின்றன. வசதியுள்ளவர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். அந்தப் படங்களில் நம் கடற்கரை எப்படித் தெரிகிறது, எது தெரியவில்லை, ஏன் தெரியவில்லை என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆம்ஸ்டர்டாம் படக்கடையான கதை

ஒரே அளவில், ஒரே முறையில் செதுக்கிய தேசப்படங்களைத் தொகுத்துப் புத்தகமாக முதன்முதலில் வெளியிட்டவர் ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ். இடம் ஆண்ட்வெர்ப், ஆண்டு 1570. 1585-ல் அந்த நகரம் ஸ்பெயின் படையிடம் விழுந்தது. வணிகர், அச்சுக்காரர், செதுக்குக்காரர் எனப் பலர் வடக்கே ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தார்கள். கலைஞன் போகும் இடத்துக்குக் கலையும் போகும் அல்லவா?

கிழக்கு நாடுகளைப் பற்றிய செய்தி அப்போது போர்த்துக்கீசியர் கையில் பூட்டி வைத்த பெட்டி போல இருந்தது. அதைத் திறந்தவர் யான் ஹாய்கன் வான் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர். கோவாவில் பேராயரின் செயலாளராக வேலை பார்த்தபடியே கடல்வழிகள், துறைமுகங்கள், சரக்குகள் பற்றியெல்லாம் சேகரித்து, ஊர் திரும்பி 1596-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு டச்சுக் கப்பல்கள் வரிசை கட்டி வரத் தொடங்கின. 1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1658-ல் நாகப்பட்டினம் போர்த்துக்கீசியரிடமிருந்து அவர்கள் கைக்கு மாறியது. 1690-ல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலக் கரைக்கான தலைமையகமே நாகப்பட்டினத்துக்கு வந்தது. 1781-ல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை, ஏறத்தாழ 123 ஆண்டுகள், நமக்கு 20 கிலோமீட்டர் தெற்கே டச்சுக்கொடி பறந்தது.

வந்த காரணம் துணி. மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்கே வெள்ளிக் காசைவிட நம் பக்கத்து நெசவுக்குத்தான் மதிப்பு அதிகம். சோழமண்டலக் கரை மலுக்குத் தீவுகளுக்கு இடது கை போன்றது என்று ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற கம்பெனி அதிகாரி 1612-லேயே எழுதினார். துணிக்காகக் கப்பல், கப்பலுக்காகப் படம். இந்த வரிசையை மறக்காமல் இருந்தால் அந்தப் படங்களில் இருப்பதும் இல்லாததும் தானாகவே விளங்கும்.

தகடும் உளியும்

கல்யாணத்துக்கு வாங்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிறு உளி, சின்னச் சுத்தியல், கடைக்காரரின் கண் பார்வை, அவ்வளவுதான். தேசப்படம் செதுக்குவதும் அடிப்படையில் அந்த வேலையின் அண்ணன்தான். ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பி வெட்ட வேண்டும். இரண்டு, சுத்தியல் கிடையாது. கூர்மையான உளியைக் கையாலேயே தள்ளி, செம்பை மயிரிழையாகச் சீவி எடுக்க வேண்டும்.

வழவழப்பாகத் தேய்த்த தகட்டின் அளவு ஏறக்குறைய 40க்கு 50 சென்டிமீட்டர். செதுக்கி முடிந்ததும் தகட்டைச் சூடாக்கி மை பூசுவார்கள். பிறகு மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய காகிதத்தை அதன்மேல் வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தள்ளினால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு வரும். வண்ணம் கடைசி வேலை. அதற்கென்றே இருந்தவர்கள் தூரிகையால் கையாலேயே பூசுவார்கள். அதனால் ஒரே தகட்டில் அடித்த இரண்டு படங்கள்கூட வண்ணத்தில் ஒன்றாக இருப்பதில்லை.

இந்தத் தொழிலின் சக்கரவர்த்தி என்றால் பிளாவ் குடும்பம்தான். தந்தை வில்லெம் பிளாவ் (1571-1638) வானியல் மேதை டைக்கோ பிராஹியிடம் பாடம் கேட்டவர். 1637-ல் அவர்கள் அமைத்த அச்சகத்தில் எழுத்து அச்சுக்கு மட்டும் ஒன்பது பொறிகள். அவற்றுக்குக் கிரேக்கக் கலைத்தேவதைகள் ஒன்பது பேரின் பெயர்கள்! செப்புத் தகட்டுப் படங்களுக்கு ஆறு பொறிகள் தனி. மகன் யோவான் பிளாவ் 1662-ல் லத்தீனில் 11 தொகுதிகளாக, ஏறத்தாழ 600 படங்களுடன் வெளியிட்ட பெரிய அட்லஸ் அந்த நூற்றாண்டின் மிக விலையுயர்ந்த புத்தகங்களில் ஒன்று. வண்ணம் இல்லாமல் 350 கில்டர், வண்ணத்தோடு 450 கில்டர். ஆசியா முழுவதற்கும் அதில் ஒரே ஒரு தொகுதிதான். 1672 பிப்ரவரியில் அச்சகம் தீப்பிடித்து ஏராளமான தகடுகள் உருகிப்போயின. அடுத்த ஆண்டே யோவான் பிளாவும் காலமானார்.

தகடு ஒரு சொத்து. அப்பா செதுக்கியதைப் பிள்ளை விற்பார், பக்கத்துக் கடைக்காரர் வாங்குவார். மெர்க்காட்டரின் தகடுகளை வாங்கிய யோடோகஸ் ஹோண்டியஸ், 1606-ல் புதிய படங்களையும் சேர்த்து அட்லஸ் போட்டார். அவருடைய மகன் 1629-ல் இறந்ததும் அவர் வைத்திருந்த தகடுகளில் சுமார் நாற்பதை வில்லெம் பிளாவ் வாங்கினார். பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தம் பெயரை வெட்டி, மறு ஆண்டே விற்பனைக்கு விட்டார்! பின்பக்கம் தட்டி, மேலே தேய்த்து, புதிதாக வெட்டினால் போதும். பெயர் மாறும், படம் மாறாது. ஆகவே ஒரு படத்தில் பார்க்கும் கடற்கரை, அது அச்சான ஆண்டின் கடற்கரை என்று நம்பிவிடக் கூடாது. முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய செய்தியாகவும் இருக்கலாம்.

கப்பலிலிருந்து பார்த்த கரை

இந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்பு ஏற்படும். இந்தியாவின் அகலம் தாறுமாறாக இருக்கும். உள்நாட்டு ஊர்கள் இடம் மாறிக் கிடக்கும். ஆனால் நம் கரையில் துறைகளின் வரிசை மட்டும் பெரும்பாலும் சரியாக இருக்கும். இது எப்படி?

விடை வானத்தில் இருக்கிறது. வடக்கு தெற்காக எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை நண்பகல் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ அளந்து மாலுமி கணித்துவிடலாம். கிழக்கு மேற்காக எவ்வளவு என்பதைக் கடலில் துல்லியமாக அறிய 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சரியான கருவி இல்லை. நம் கரையோ ஏறக்குறைய நேர் வடக்கு தெற்காக ஓடுகிறது. ஆகவே அட்சரேகை ஒன்று தெரிந்தாலே துறைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக மாலைபோலக் கோத்துவிடலாம். தரங்கம்பாடி 11 பாகைக்குச் சற்று மேலே, காரைக்கால் 11-க்குச் சற்றுக் கீழே, நாகப்பட்டினம் அதற்கும் கீழே. கரையின் அமைப்பே அவர்களுக்கு உதவி செய்தது.

இன்னொன்று, இந்தக் கரையில் கப்பல் வந்து ஒட்டி நிற்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவிலே நங்கூரம் போடும். சரக்கும் ஆளும் அலையைத் தாண்டிப் படகிலும் கட்டுமரத்திலும்தான் கரை சேர வேண்டும். ஆகவே மாலுமிக்கு வேண்டியவை மூன்று. இங்கே எத்தனை பாகம் ஆழம்? அடியில் மணலா, சேறா? கரையில் அடையாளம் என்ன? கடலோடிகளுக்கான படங்களில் தண்ணீர்ப் பகுதி முழுவதும் எண்களாக இருப்பதற்கும், கரை ஓரத்தில் கோயில் கோபுரங்கள் குட்டிக் குட்டியாக வரையப்பட்டிருப்பதற்கும் இதுதான் காரணம். நாம் கும்பிடுகிற கோபுரம், அவர்களுக்குக் கலங்கரை விளக்கம்.

அப்படிப்பட்ட அடையாளங்களில் புகழ்பெற்றது நாகப்பட்டினத்துக்கு வடக்கே நின்ற ஒரு பழைய கோபுரம். ஐரோப்பியர் அதைச் 'சீனப் பகோடா' என்றார்கள். 1724 முதல் 1726 வரை ஐந்து பாகங்களாகப் பெரும் நூல் வெளியிட்ட பிரான்சுவா வாலன்டைன் என்ற டச்சுப் பாதிரியாரும் அதைக் குறிப்பிடுகிறார். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரம் இருந்த நாகப்பட்டினத்தின் பௌத்தச் சின்னம் அது என்பர். எத்தனையோ புயலுக்குத் தப்பிய அந்தக் கோபுரம் 1867-ல் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று கரையில் அது இல்லை. எழுத்திலும் படத்திலும்தான் இருக்கிறது.

ஊர்ப் பெயர்களும் கப்பலில் இருந்தபடியே காதில் விழுந்தவைதாம். சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனது உங்களுக்குத் தெரியும். பட்டினம் 'பட்நம்' ஆனது. பழவேற்காடு 'பாலியகட்' ஆனது. பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ' என்ற போர்த்துக்கீசியப் பெயரோடே நின்றுவிட்டது. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் துபாஷியும் படகோட்டியும் சொன்ன உச்சரிப்பு அதில் பதிந்திருக்கிறது என்பதால், வாய்விட்டுப் படித்தால் பாதிப் பெயர் தானாகப் பிடிபடும். மாணவர்கள் முயன்று பாருங்கள், நல்ல விளையாட்டு.

காதால் கேட்டதோடு நிற்காமல் எழுத்தையும் கற்க முயன்றவர் பிலிப்பஸ் பால்டேயஸ். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய டச்சுப் பாதிரியார். மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றி அவர் எழுதிய நூல் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. தேசப்படங்களோடும் நகரக் காட்சிகளோடும் தமிழ் எழுத்துகளும் அதில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டன. தமிழே தெரியாத ஒரு செதுக்குக்காரர் 'அ' முதல் திருப்பித் திருப்பி வெட்டிய காட்சியை நினைத்துப் பாருங்கள்!

பூட்டி வைத்த படங்கள்

இங்கே ஒரு வேடிக்கை. கம்பெனியிடம் இருந்த நல்ல படங்கள் அச்சுக்கு வரவே இல்லை. கப்பல் புறப்படும்போது மாலுமிக்குத் தோலில் கையால் வரைந்த படம் கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் படத்தையும் பயணக் குறிப்பேட்டையும் ஒப்படைத்தாக வேண்டும். அவற்றை ஒத்துப்பார்த்துப் புதிய படம் எழுதுவதற்கென்றே கம்பெனியில் ஒரு தலைமைப் படவரைஞர் இருந்தார். 1617 முதல் ஹெஸ்ஸெல் கெரிட்ஸ், 1633 முதல் வில்லெம் பிளாவ், அவருக்குப்பின் மகன் யோவான். அதாவது கடையில் அட்லஸ் விற்றவரும் அவரே, கம்பெனியின் ரகசியத்துக்குக் காவலரும் அவரே!

ஒரு கையில் தெரிந்தது, மறு கையில் விற்பனைக்கு வராது. அதனால் பளபளக்கும் அட்லஸ் படங்களைவிட, அலங்காரமே இல்லாத அந்தக் கையெழுத்துப் படங்கள் எவ்வளவோ துல்லியமானவை. இந்தப் பூட்டு தளர நெடுங்காலம் ஆயிற்று. ஆம்ஸ்டர்டாமின் வான் கெய்லன் குடும்பம் வெளியிட்டு வந்த கடல்வழிப் புத்தகத்தின் ஆறாம் பாகம் 1753-ல் வந்தபோதுதான் ஆசியக் கடல்களின் படங்கள் பரவலாக அச்சில் வெளிவந்தன. கம்பெனி பிறந்து அப்போது 151 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சரி, நம்ம ஊர் எங்கே?

கிழக்கிந்திய நாடுகள் முழுவதையும் ஒரே தாளில் அடக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 35 சென்டிமீட்டர். அதற்குள் ஐம்பது பாகைக்கு மேல் அடங்க வேண்டும். ஒரு பாகைக்குக் கிடைப்பது 7 மில்லிமீட்டர். தரங்கம்பாடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைவெளி கால் பாகைக்குச் சற்று அதிகம். கணக்குப் போட்டால் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அதற்குள் எத்தனை பெயர் எழுத முடியும்? செதுக்குபவர் ஒரு பெயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தென்னிந்தியாவை மட்டும் காட்டும் பெரிய படத்தில்கூட அந்த இடைவெளி சுமார் 7 அல்லது 8 மில்லிமீட்டர்தான். அங்கே சில படங்களில் நம் ஊர் நெருக்கிக்கொண்டு உட்காரும்; சிலவற்றில் உட்காராது. எழுத்துக்கூட்டலும் படத்துக்குப் படம் மாறும்.

யாருக்கு இடம் கிடைக்கும்? எந்த ஊரில் ஐரோப்பியக் கொடியும் கிடங்கும் இருக்கிறதோ அந்த ஊருக்கு. தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர் கோட்டை கட்டினார்கள்; பெயர் ஏறியது. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர், பிறகு டச்சுக்காரர், பெயர் ஏறியது. காரைக்காலில் அப்போது அப்படி யாரும் இல்லை.

ஆனால் ஊர் இல்லாமலா போயிற்று? பெரியபுராணம் சொல்லும் காரைக்கால் அம்மையார் கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புனிதவதியின் தந்தை தனதத்தன் காரைக்கால் வணிகர் தலைவர். கணவன் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. மனைவியின் தெய்வத்தன்மை கண்டு அஞ்சி, கப்பலில் வாணிகம் செய்யப் போகிறேன் என்றுதான் அவன் ஊரை விட்டே போகிறான். பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு நூல். அம்மையார் காலம் அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் நாம் மாம்பழம் இறைக்கும்போது கொண்டாடுவது ஒரு துறைமுகத்து வணிகக் குடும்பத்தின் கதையையும் சேர்த்துத்தான். ஆம்ஸ்டர்டாமில் முதல் தகடு செதுக்கப்படுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இங்கே கடல் வணிகம் தெரிந்திருந்தது. ஆகவே, "பழைய படத்தில் ஊர் பெயர் இல்லை, அப்படீன்னா ஊரே அப்போ இல்லை" என்று யாராவது வாதம் செய்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டச்சுக்காரர் ஒருவர் காரைக்கால் பக்கம் கரை ஒதுங்கிய கதையும் உண்டு. ரோலண்ட் கிராப்பே என்பவர் டேனிஷ் கம்பெனிக்கு வேலை பார்த்தவர். தரங்கம்பாடி ஒப்பந்தத்துக்குச் சற்று முன் அவர் வந்த கப்பலைக் காரைக்கால் கடலில் போர்த்துக்கீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். மாலுமிகளில் பலர் மாண்டனர்; இருவர் தலையைக் கரையில் கழியில் செருகி வைத்தார்களாம். கிராப்பேயும் பதின்மூன்று பேரும் கரை சேர்ந்து, தஞ்சை நாயக்க மன்னர் அரசவைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1620-ல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரருக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்ததற்கு வழி திறந்தது இந்தச் சந்திப்பே. பக்கத்து ஊர் படத்தில் ஏறியதற்கு நம் ஊர்க் கடலில் நடந்த ஒரு விபரீதமும் காரணம்!

காரைக்காலுக்குத் திருப்பம் 1738-ல் வந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜிக்கு அரியணைச் சண்டையில் பணம் தேவைப்பட்டது. பாண்டிச்சேரி கவர்னர் தூமாவிடம் காரைக்காலைத் தருவதாக ஒப்புக்கொண்டார். அரியணை உறுதியானதும் இழுத்தடித்தார். பக்கத்திலே பிரெஞ்சுக்காரர் வந்து உட்காருவது நாகப்பட்டினத்து டச்சுக்காரருக்கும் பிடிக்கவில்லை. முடிவில் சந்தா சாகிப்பின் உதவியோடு 1739 பிப்ரவரியில் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1750-ல் பிரதாபசிங் மன்னர் காலத்து உடன்படிக்கையில் சுற்றுப்புறக் கிராமங்கள் 81 சேர்ந்தன. நடுவில் ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பித் தருவதுமாகக் கழிந்து, 1817-ல் நிலைத்து, 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு இணைந்தது நாம் அறிந்த வரலாறு. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்.

1739-க்குப் பிறகு படத்தில் நம் ஊர் நிமிர்ந்து உட்காருகிறது. பாரிஸை விட்டு வெளியே போகாமலே உலகத்தை வரைந்த தான்வீல், பிரெஞ்சுக் கம்பெனிக்காக 1752-ல் இந்தியப் படத்தையும், 1753-ல் சோழமண்டலக் கரைக்குத் தனிப் படத்தையும் வெளியிட்டார். தெரியாத இடத்தைச் சிங்கம், யானை போட்டு நிரப்பாமல் வெறுமையாகவே விட்டவர் என்று பெயர் வாங்கியவர் அவர். அதே 1753-ல்தான் ஆம்ஸ்டர்டாமிலும் பூட்டுத் திறந்தது என்பதைப் பார்த்தோம். ஊர் மாறவில்லை, கொடி மாறியது; படத்தில் எழுத்து தடித்தது.

இன்னொரு செம்பு

டச்சுப் படங்களில் கரையை விட்டு உள்ளே கண்ணை ஓட்டினால் காவிரிக் கழிமுகம் முழுவதும் இரண்டு மூன்று தடித்த கோடுகளாகச் சுருங்கியிருக்கும். அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, முல்லையாறு, திருமலைராஜனாறு, வடக்கெல்லையில் நண்டலாறு, தெற்கே வெட்டாறு... இத்தனை ஆறுகள் பாயும் பூமியை அவர்கள் பார்க்கவே இல்லை. அரசியலும் அப்படித்தான். விஜயநகரம் 1565-ல் வீழ்ந்த பிறகும் பல பத்தாண்டுகளுக்கு தென்னாட்டின் குறுக்கே 'நர்சிங்கா' என்று அதன் பழைய பெயரையே செதுக்கிக்கொண்டிருந்தார்கள். தஞ்சையில் நாயக்கர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்க வந்தது துணி, நின்றது கப்பலில், தெரிந்தது கரை. தெரிந்ததை அருமையாகச் செதுக்கினார்கள்.

உள்ளே இருந்து பார்த்த செம்பு வேறு ஒன்று இருக்கிறது. ராஜராஜ சோழன், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு. பெரியது 21 ஏடுகள், அதோடு சேர்த்துச் சொல்லப்படும் சிறியது 3 ஏடுகள். டச்சுக்காரர் காலத்தில் ஒல்லாந்து நாட்டுக்குப் போய், 'லெய்டன் செப்பேடுகள்' என்று அங்குள்ள ஊரின் பெயரையே வாங்கிக்கொண்டவை. கொடுத்த ஊரின் எல்லை எது என்பதை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? பெண் யானையை எல்லை நெடுகிலும் நடத்திக் கூட்டிப்போனார்கள். கூடவே ஊரார் நடந்தார்கள். எந்த வாய்க்காலுக்கு மேற்கே, எந்த வயலுக்குத் தெற்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, எழுதினார்கள், பிறகு செம்பில் வெட்டினார்கள். படம் என்று ஒரு கோடுகூட அதில் கிடையாது. ஆனால் நிலத்தை நடந்து தெரிந்துகொண்டவர் எழுதிய தேசப்படம் அதுதான்.

இரண்டும் செம்பு, இரண்டும் உளி. ஒன்று கடலிலிருந்து பார்த்தது, கோடாக நிற்கிறது. மற்றொன்று வரப்பில் நடந்து பார்த்தது, பெயர்களாக நிற்கிறது. நம் காரைக்கால் எல்லையும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது எனலாம். இன்றைய படத்தில் அது ஏன் அப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குப் பதில், தஞ்சாவூர் அரசு கிராமம் கிராமமாக எண்ணிக் கொடுத்த பட்டியல்.

படம் வாங்க நினைப்போருக்கு

நண்பர்களில் சிலர் பழைய படம் வாங்கி மாட்ட ஆசைப்படலாம். நான்கு செய்திகளைப் பாருங்கள். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் கையால் செய்த காகிதத்தின் கோடுகள் தெரிய வேண்டும். அட்லஸிலிருந்து எடுத்ததென்றால் நடுவில் மடிப்பு இருக்கும். பெரும்பாலும் பின்பக்கம் அச்சு எழுத்தும் இருக்கும். கடைசியாக, படத்தில் வெட்டியுள்ள ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். தகடு கை மாறிய கதைதான் மேலே சொன்னோமே. பார்ப்பதற்கு மட்டும் என்றால் செலவே வேண்டாம். ஹேக், லெய்டன், பாரிஸ் ஆவணக் காப்பகங்களும் நூலகங்களும் ஏராளமான படங்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கின்றன. கைப்பேசியிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள்

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை நம் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம், முகத்துவாரம் முன்பு எங்கே இருந்தது, மணல் குன்றுகள் எங்கே நின்றன என்றெல்லாம் பேசத் தொடங்கினோம். அப்போது வெளியூர் நிபுணர் கொண்டு வந்த படங்களில் இல்லாத செய்திகள் மீனவப் பெரியவர்களின் வாயில் இருந்தன. கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு என்று ஊர்ப் பெயரிலேயே மேடு இருக்கிறதே, அது சும்மா வந்ததா?

வாய்க்கால் தூர்ந்தால் அதன் பெயரும் தூர்ந்துபோகிறது. குளத்தில் வீடு வந்தால் குளத்தின் பெயர் அடுத்த தலைமுறைக்குத் தெரிவதில்லை. திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என எந்தப் பக்கத்திலிருந்து வரும் மாணவராக இருந்தாலும் சரி, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஊர் எல்லையை ஒருமுறை நடந்து வாருங்கள். யானை வேண்டாம், சைக்கிள் போதும்! வாய்க்கால், மதகு, குளம், திடல், தோப்பு, பழைய துறை, இவற்றின் பெயர்களை ஒரு தாளில் வரைந்து எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் மறக்காமல் குறியுங்கள். தாள்களை நம் கல்லூரி நூலகத்தில் ஒரே இடத்தில் சேர்த்து வைப்போம்.

பிரான்சிலும் மற்ற நாடுகளிலும் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. அங்குள்ள நூலகங்களில் காரைக்கால் பகுதியைக் காட்டும் பழைய படங்களைத் தேடிப் பிரதி எடுத்து அனுப்புங்கள். இருவகைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கடலிலிருந்து வந்தவர்கள் எதைக் கண்டார்கள், எதை நாம்தான் சொல்ல முடியும் என்பது மாணவர்களுக்கு ஒரு பாடமாகவே அமையும். உலாந்தாக்காரர் கரையை எழுதிவிட்டுப் போனார்கள். உள்ளே இருப்பதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த சங்கமத்துக்குள் அவர்களிடம் போய்க் கேட்டுவிடுங்கள்.